நிழலோடு நகர்ந்த முகாம்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு தாலுக்கா அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். பழைய கோப்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"சார், உங்க காலத்து ஃபைல் எத எடுத்தாலும் மேல 'முகாம்'னு போட்டு ஒரு எடத்தோட பேரு இருக்குது. கம்ப்யூட்டர்ல அதுக்குக் கட்டமே இல்ல. விட்டுடலாமுங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விட்டுவிடுவதாம்! அந்த ஒரு வரியால் ஒரு பொம்பளையின் வீடே போகப் பார்த்தது. என் பென்ஷனும் கூடவே போயிருக்கும். இதை போனில் சொன்னால் கவிதாவின் மதியச் சாப்பாடு ஆறிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காக. வருவாய்த் துறையில் ஓர் அதிகாரி தன் அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் கேள்வி இல்லை. வெளியே போய்ப் போட்டால், உத்தரவின் தலையில் 'முகாம்' என்று எழுதி இடத்தின் பெயரைப் போட வேண்டும். அவ்வளவுதான் முகாம். கூடாரம், கயிறு, முளைக்குச்சி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். முப்பத்தொரு வருடச் சர்வீஸில் நான் ஒரு கூடாரத்துக்குள்ளும் தலையை நீட்டியதில்லை. பள்ளிக்கூட வராந்தா, பால் சொசைட்டி, ரேஷன் கடை, ஒரு தடவை அரிசி மில் எடைமேடை, இங்கெல்லாம் முகாம் போட்டிருக்கிறேன். இதைவிட வேடிக்கை, பெரிய அதிகாரிகளின் வீட்டு வாசலில் 'முகாம் அலுவலகம்' என்று கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள். உள்ளே துளசி மாடம் இருக்கும், நாய் இருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருவார்கள். ஆனாலும் அது முகாம்தான். அதாவது அதிகாரி தன் வீட்டில் தூங்கும்போதும் அரசாங்கக் கணக்குப்படி வெளியூரில் இருக்கிறார்.

நான் நாகரசம்பட்டிக்காரன். டைப்பிங் பாஸ் செய்து, தேர்வு எழுதி, ஊத்தங்கரைப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே இருந்த தலைமை எழுத்தர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. "தேதி தப்பாப் போனா திருத்திக்கலாம். முகாம் தப்பாப் போனா, அந்த ஆளே அங்க இல்லன்னு ஆயிடும்" என்றார். ஒரு நாள் சாமல்பட்டி ரயில் நிலையத்தில் வண்டிக்காக நின்றபோது அவசரமாக ஒரு கடிதத்தில் கையெழுத்து தேவைப்பட்டது. எங்கள் அதிகாரி பார்சல் எடை போடும் மேடைமேல் காகிதத்தை வைத்துப் போட்டார். நான் 'முகாம்: சாமல்பட்டி ரயில் நிலையம், எடை மேடை' என்று எழுதினேன். அதற்காகப் பாராட்டப்பட்டேன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் எனக்கு இதே வேலைதான். கேம்ப் கிளார்க் என்று பெயரே வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு பதவி கிடையாது. எனக்கு மட்டும் இருந்தது.

சர்வீஸின் கடைசிப் பகுதியில் ஓசூர்ப் பக்கம் வந்தேன். அங்கேதான் தாசில்தார் அருணகிரி வாய்த்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். வெள்ளைச் சட்டை, பச்சை மசிப் பேனா. ஜீப்பின் பின்னால் சொந்தமாக ஒரு மடக்கு மேசை, அதற்கு ஒரு பச்சைத் துணி, துணி பறக்காமல் இருக்க நான்கு கூழாங்கற்கள். கற்களைக்கூட அவர்தான் பொறுக்கி வைத்திருந்தார். ஊரில் போய் இறங்கியதும் யார் வணக்கம் சொன்னாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். நான் மேசையை விரித்து, துணி போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்து, முதல் தாளின் தலையில் முகாம் என்று எழுத வேண்டும்.

"முகாம் போட்டாச்சா?" என்பார்.

"போட்டாச்சுங்கய்யா."

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வணக்கம். காரணம் கேட்டபோது சொன்னார்: "ஆபீஸ்ல இருந்தா நான் தாசில்தார். முகாம்ல இருந்தா நான் தாசில்தார். ரெண்டுக்கும் நடுவுல ஜீப்ல வர்ற ஆளு யாருய்யா? சும்மா ஒரு அருணகிரி. அவனுக்கு எதுக்கு வணக்கம்?"

படித்த மனிதர். சொல்லின் பூர்வீகத்தை ஜீப்பில் போகும்போது எனக்கு அவர்தான் விளக்கினார். முகாம் அரபுச் சொல்லாம். நிற்கும் இடம், தங்கும் இடம் என்று அங்கே பொருள். பாரசீகம், உருது என்று ஏறி இறங்கி, படைகளோடு தெற்கே வந்தது. படைகள் திரும்பிப் போய்விட்டன, சொல் போகவில்லை. தாசில்தார், ஜமாபந்தி, பசலி எல்லாம் அதே வண்டியில் வந்தவைதான். "அப்ப நம்மகிட்ட வார்த்தையே இல்லீங்களாய்யா?" என்று கேட்டேன். "ஏன் இல்லாம? பாசறை இருக்கு, பாடிவீடு இருக்கு, அது சண்டைக்குப் போறவனுக்கு. தாவளம் இருக்கு, அது பொதிமாட்டு வியாபாரிக்கு. மனு வாங்க வந்து, மத்தியானம் தயிர்சாதம் சாப்டுட்டு, சாயங்காலம் திரும்பிப் போறவனுக்கு ஒரு வார்த்த வேணாமா?" என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்திலும் மொக்காம் என்றுதான் எழுதுகிறார்கள் என்பது அவருக்குக் கூடுதல் திருப்தி.

இவ்வளவு அருமையான மனிதருக்கு ஒரே ஒரு குறை. வெயில் ஆகாது.

இனி அந்த முகாம். ஊரின் பெயர் வேண்டாம், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர் என்றால் போதும். தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்கள் அந்த வழியாகத்தான் திரும்பும். ரோட்டில் தாரின் நிறம் மாறும் இடம்தான் எல்லை. கிழக்கே நாம், மேற்கே அவர்கள். சித்திரை மாதம். ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல் முழுக்க முழுக்கத் தமிழ்நாட்டில்தான் இருந்தது. உள்ளே பத்து நிமிடம் உட்கார்ந்தால் இட்லி வெந்துவிடும்.

அருணகிரி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இருபதடி தள்ளி ஒரு புங்கமரம் நன்றாகக் கவிந்து நின்றது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசையை மடித்துக் கொண்டுபோய் மரத்தடியில் விரித்தேன்.

மரத்தின் அடியில் வெள்ளைப் பட்டை அடித்து, கன்னட எண்ணில் பதினேழு என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்து வனத்துறை மரங்களுக்குப் போடும் எண். நான் பார்க்காமல் இல்லை. எனக்குக் கன்னடம் வாசிக்கவும் தெரியும். ஆனால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எல்லை என்பது கண்ணில் படும் சமாச்சாரமே இல்லை. அந்த ஊரில் டீக்கடை கர்நாடகத்தில், வடைக்கடை தமிழ்நாட்டில். ஒரு கையில் வடையோடு போய் மறு கையில் டீ வாங்கிக் குடிப்பார்கள். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவரும் கர்நாடகத்துக்காரர்தான், அதற்கு நான் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. மரம் என்றால் நிழல், நிழல் என்றால் மேசை. என் புத்தி அதற்குமேல் போகவில்லை.

காலை வெயிலில் மரத்தின் நிழல் மேற்கே விழுந்தது. அது நகர நகர, நானும் அரை மணிக்கு ஒரு முறை மேசையை நகர்த்தினேன். நான்கு கல்லையும் எடுப்பேன், துணியை மடிப்பேன், தள்ளுவேன், விரிப்பேன், கல் வைப்பேன். வரிசையில் நின்ற ஊர்ச்சனமும் கூடவே நகர்ந்தது. மதியம் தயிர்சாதத்துக்குப் பிறகு நிழல் கிழக்கே சாய்ந்தது, முகாமும் அதன் பின்னாலேயே வந்தது. கர்நாடகத்தில் தொடங்கி, சாயங்காலம் தமிழ்நாட்டில் முடித்துக்கொண்டு கிளம்பினோம். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் எல்லா உத்தரவிலும் தமிழ்நாட்டுக் கிராமத்தின் பெயரையே முகாமாக எழுதியிருந்தேன்.

அன்று காலை ஒன்பதாவதாகக் கையெழுத்தான உத்தரவு முனிரத்னம்மாவுடையது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் துலக்குகிறவள். புருஷன் இல்லை. இரண்டு பெண்களும் வீட்டில் இருந்துதான் படித்துக்கொண்டிருந்தார்கள். புறம்போக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் இருபது வருடமாக இருக்கிறாள். வாயைத் திறந்தால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒன்றாக வரும். உத்தரவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, வீடு என்துன்னு இதுல போட்டுகீதா?"

"போட்டிருக்குதும்மா. நீதான் பட்டாதாரர்."

"நிஜமாவா?" என்றவள், செகண்ட் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிப்போய்க் கம்பெனி பஸ் ஏறிவிட்டாள்.

அவள் வீட்டை ஒட்டி ஒரு குடோன் இருந்தது. முதலாளி கோதண்டராமன். லாரி திரும்புவதற்கு அவள் வீடு இடைஞ்சல். வீடு போய்விட்டால் லாரி ஒரே வீச்சில் திரும்பிவிடும். பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறார், மிரட்டியும் பார்த்திருக்கிறார். பட்டா கிடைத்த மூன்றாவது வாரம் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்தார். மனு சுருக்கமாக இருந்தது. தாசில்தார் உத்தரவில் கையெழுத்துப் போட்டபோது கர்நாடக மாநிலத்தில் உட்கார்ந்திருந்தார், அங்கே அவருக்கு அதிகாரம் இல்லை, ஆகவே பட்டா செல்லாது, ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். சாட்சியாக ஒரு போட்டோ, பெரிதாக்கப்பட்டது. மரத்தடி, பச்சைத் துணி, தாசில்தாரின் தலைக்குப் பின்னால் கன்னடப் பதினேழு. எண்ணைச் சுற்றிச் சிவப்பு மசியில் தடிமனாக ஒரு வட்டம்.

அருணகிரி போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

"என்னய்யா இது, ஜிலேபி மாதிரி?"

"பதினேழுங்கய்யா."

"எந்த மாநிலத்துப் பதினேழு?"

நான் மேற்கே கையைக் காட்டினேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "மேசை போட்டது நீ. உக்காந்தது நான். எழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே எழுந்திருப்போம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

விசாரணை தள்ளித் தள்ளிப் போனது. இதற்குள் கோதண்டராமன் ஒரு ஜேசிபியைக் கொண்டுவந்து முனிரத்னம்மாவின் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டார். நிறுத்துவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. அது பாட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது. அவள் வேலைக்குப் போகும் முன் அலுவலகத்துக்கு வந்து என் மேசை எதிரே நிற்பாள். கண் சிவந்திருக்கும். தூங்கினால் இடித்துவிடுவார்கள் என்று தூங்குவதே இல்லையாம்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். உத்தரவில் தேதி உண்டு, மணி கிடையாது. மதியத்துக்குப் பிறகு மேசை தமிழ்நாட்டில்தான் இருந்தது. 'இவளுடையது மதியம் கையெழுத்தானது' என்று நான் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "பேடாண்ணா. அன்னிக்கு மத்தியானம் நான் கம்பெனில கார்டு அடிச்சிகீறேன். அந்தாளுக்கு அதுவும் தெரியும். நீ பொய் சொன்னா உன் வேலயும் போவும், என் வீடும் போவும்."

பொய்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவனாக இருக்கிறேனே என்று எனக்கே வெறுத்துவிட்டது.

கார்த்திகையில் கோட்டாட்சியர் அம்மா நேரடி விசாரணைக்கு வந்தார். அளந்து பேசுகிறவர். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வரும். இரு மாநில நிலஅளவையரும் வந்திருந்தார்கள். கர்நாடகத் தரப்பில் மஞ்சுநாத் என்பவர், ரொம்பச் சரியான ஆள். கருவியை நட்டு, சுண்ணாம்புப் பொடியால் எல்லைக்கோடு போட்டார். புங்கமரம் கோட்டுக்கு ஆறடி மேற்கே நின்றது. சந்தேகமே இல்லாமல் கர்நாடக மரம்.

அம்மா விசாரிப்பதற்கு அதே மடக்கு மேசையைத்தான் விரித்தேன். மஞ்சுநாத் குனிந்து பார்த்தார்.

"மேடம், எரடு காலு நம்ம கடெ இதெ."

மேசையின் இரண்டு கால் கோட்டைத் தாண்டி இருந்தது. இழுத்துப் போட்டேன். அம்மாவின் கைப்பைக்கும் அதே ஆட்சேபணை வந்தது. அதையும் இழுத்தோம். அடுத்ததாகக் கோதண்டராமனின் வக்கீல் எழுந்தார். நிழல் எங்கே விழுந்தது என்பதுதான் வழக்கின் உயிர், சித்திரையில் விழும் நிழல் வேறு, கார்த்திகையில் விழும் நிழல் வேறு, ஆகவே அடுத்த சித்திரை வரைக்கும் விசாரணையை ஒத்திவைக்க வேண்டும் என்றார். அம்மா அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். ஒரு நிமிடம் அவர் சம்மதித்துவிடுவாரோ என்று பயந்தேன். சித்திரை வரைக்கும் தூங்காமல் இருந்தால் முனிரத்னம்மா செத்தே போவாள்.

"வேண்டாம். மேசை போட்டவர் யார்?" என்றார்.

முன்னால் போனேன். அன்றைக்குப் பயந்த மாதிரி நான் வாழ்க்கையில் எப்போதும் பயந்ததில்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. ஒரு பக்கம் முனிரத்னம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். இன்னொரு பக்கம் அருணகிரி, குடைகூட இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"காலையில மேசை எங்க இருந்தது?"

"மரத்தடியிலங்க அம்மா. நான்தான் போட்டேன். நம்பரைப் பார்த்துட்டேதான் போட்டேன்."

"இந்த அம்மாவோட உத்தரவு எப்ப கையெழுத்தாச்சு?"

"காலையிலங்க."

சொல்லிவிட்டேன். கோதண்டராமன் வக்கீலின் முதுகில் தட்டினார். முனிரத்னம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப முடியவில்லை.

அம்மா சாட்சி போட்டோவை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இதுல தாசில்தாருக்குச் சால்வை போடறது யாரு?"

மஞ்சுநாத் எட்டிப் பார்த்துவிட்டு, "இவரே!" என்று கோதண்டராமனைக் காட்டினார்.

உண்மைதான். அன்று காலை மூன்றாவது உத்தரவு கோதண்டராமனுடையது. குடோன் நிலத்துக்குப் பட்டா மாறுதல். அதை வாங்கிய சந்தோஷத்தில் சால்வை போட்டு, ஆளை வைத்து போட்டோ எடுத்து, வீட்டில் மாட்டியும் வைத்திருந்தார். மரம் தெளிவாக விழுந்த படம் அது ஒன்றுதான். எண்ணைச் சுற்றி வட்டம் போடும் மும்முரத்தில், பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது தானேதான் என்பது மனிதருக்கு உறைக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் பணம் கொடுத்துப் படம் எடுத்துக் கெட்டார்.

"சரி," என்றார் அம்மா. "அந்த மேசையில காலையில போட்ட கையெழுத்து எதுவும் செல்லாதுன்னு எழுதிடறேன். உங்க குடோனுக்கும் சேர்த்து."

வக்கீல் கோதண்டராமனின் காதில் ஏதோ சொன்னார். கோதண்டராமன் மரத்தைப் பார்த்தார், குடோனைப் பார்த்தார், மறுபடியும் மரத்தைப் பார்த்தார். "அம்மா, மரத்துல இருக்கறது நம்பர்தானான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது. மனுவை வாபஸ் வாங்கிக்கறேனுங்க" என்றார். சாயங்காலத்துக்குள் ஜேசிபியும் போய்விட்டது.

ஆனாலும் அம்மா விடவில்லை. காலை உத்தரவுகள் அத்தனையையும் ரத்து செய்து, சரியான இடத்தில் முகாம் போட்டு மறுபடி கையெழுத்திடச் சொன்னார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அருணகிரிக்கும் வந்தது. இரண்டையும் நான்தான் டைப் செய்தேன்.

மறுவாரம் அருணகிரியே ஜீப்பை முனிரத்னம்மாவின் வாசலுக்கு விடச் சொன்னார். காலை பதினோரு மணி. மழை விட்ட வெயில், மண்டையைப் பிளந்தது. நான் வழக்கம்போல் நிழலுக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தேன். "அங்க என்ன பார்வை? இங்கயே போடு" என்றார். நட்டநடு வெயிலில், அவள் வாசற்படிக்கு நேராக மேசையைப் போட்டேன். முனிரத்னம்மா உள்ளேயிருந்து ஒரு குடையைக் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். முதல் உத்தரவு அவளுடையதுதான். நிதானமாகப் படித்து, வேர்வை தாளில் சொட்டாமல் முகத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டு, பச்சை மசியில் போட்டார்.

இந்த முறை அவள் தாளை நேராகப் பிடித்தாள். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். பெரிய பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்து அருணகிரி பாதி எழுந்துவிட்டார்.

"சாரு, மத்தியானத்துக்கு எனக்கு ஷிஃப்டு. தூங்கி மாசக்கணக்காவுது. நான் கொஞ்சம் படுக்கறேன். நீங்க கெளம்பறப்ப சத்தம் போடாம கெளம்புங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தாசில்தாரும் நானும் வரிசையில் நின்ற ஊர்ச்சனமும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அருணகிரி உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, மிச்ச உத்தரவுகளுக்குப் பள்ளிக்கூடத்தின் பக்கம் கையைக் காட்டினார். நான் நான்கு கல்லையும் ஒவ்வொன்றாக எடுத்து, சத்தம் வராமல் மேசையை மடித்தேன்.